தாளத்துக்கு அனிமேஷன்: தனி ஆளாகச் செய்து பிழைக்க முடியுமா?

மிருதங்கப் பையன், கொழிஞ்சாம்பாறை:
அம்மா வீட்டில் பரதம் சொல்லித் தருகிறார். நட்டுவாங்கம் கேட்டே வளர்ந்தவன் நான். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் அடவுகளை, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளை, வரைந்து பார்க்கிறேன். பாதம் தரையில் படுவதும் ‘தையா தை’ மாதிரியான சொற்கட்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. ஒரு தட்டு ஐந்தாகப் பிரியும் கண்ட நடை வந்தால் மொத்தமும் நழுவுகிறது. இதை நம்பித் தொழிலில் இறங்கலாமா?

சித்தூர்க்காரி (ஆந்திரா இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்):
தம்பி, நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம். நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாளத் தட்டு) வைத்தால் அட்சரத்துக்கு 24. சதுஸ்ரத்துக்கு (நாலு) ஆறாறாகவும் திஸ்ரத்துக்கு (மூன்று) எட்டெட்டாகவும் பிரியும், கண்டத்துக்கு (ஐந்து) 4.8 வரும். அதுதான் நழுவல். வேகத்தை 72 ஆக்குங்கள்: அட்சரத்துக்கு 20 ஃபிரேம், கண்டம் நாலு நாலாக உட்காரும். பாட்டைப் பதிவு செய்யும் முன்பே பாடுபவரிடம் பேசிவிட வேண்டும். அப்புறம், பாதம் படும் படத்தைச் சத்தத்துக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வையுங்கள். தட்டும்போது இடுப்பு கொஞ்சம் இறங்கினால் பாரம் தெரியும்.

தனி ஆள் எல்லாவற்றையும் அசைக்க நினைத்தால் முதுகு போய்விடும். கோயில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பாருங்கள், திரையில் தோல் பாவைகளின் நிழலாட்டம். பாவைக்குப் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். மீதியைக் கம்பன் பாட்டும் விளக்கொளியும் பார்த்துக்கொள்ளும்.

பிழைப்பா? அனிமேஷன்காரர் நார்மன் மெக்லாரன் 1949-இல் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸுக்கு ஃபிலிம் சுருளிலேயே வர்ணம் பூசினார். அவருக்குக் கனடா அரசின் ஃபிலிம் போர்டு சம்பளம் கொடுத்தது. எனக்கு ஓண சீசன் ஜவுளி விளம்பரமும் பாட்டு வீடியோவும்தான் சோறு. சொந்தப் படம் ராத்திரியில். ஒரு கம்பெனி பாதிப் பணத்தோடு கைகழுவிய பிறகு, முன்பணம் வராமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

சலங்கை டீச்சர், செங்கோட்டை:
இடுப்பு இறங்குவதா! தட்டடவில் அரைமண்டி (முழங்காலை மடக்கி நிற்கும் நிலை) ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் என் வகுப்பில் தட்டுக்கழி பேசும். பாரத்தை உடையின் விசிறி மடிப்பில் காட்டுங்கள்: பாதம் நின்ற பிறகும் மடிப்பு ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். பின்னல் நுனியும் அப்படித்தான்.

சித்தூர்க்காரி:
டீச்சர் சொல்வதே சரி. நான் சினிமா ஆட்டத்தை மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

மிருதங்கப் பையன்:
72-இல் உட்கார்ந்துவிட்டது அக்கா! மிஸ்ரத்துக்கு?

சித்தூர்க்காரி:
ஏழால் வகுபட வேண்டும். அட்சரத்துக்கு 28 ஃபிரேம் வையுங்கள், வேகம் 51.43 வரும். வேகமாக வேண்டுமென்றால் 21 ஃபிரேம்.