குடும்பக் குழு: பார்வை திரும்பிய பிறகும் மருந்து எதற்கு?

சித்தி: அனைவருக்கும் வணக்கம். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றிய பின் என் மகள் கயலின் இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய திரும்பிவிட்டது. ஆனாலும் இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்ற வேண்டும் என்றும் நரம்பியல் மருத்துவர் சொல்கிறார். கண் சரியான பிறகு அது எதற்கு?

பெரியப்பா: நம் வம்சத்தில் யாருக்கும் இது வந்ததில்லையே. கண்ணுக்கு வந்த கோளாறுக்கு மூளையை ஸ்கேன் எடுத்து நோய்க்குப் பெயர் வைப்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அக்கா: பெரியப்பா, பார்வை நரம்பு மூளையின் நீட்சிதான். மின்கம்பியின் மேலுறை போல நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலினை நம் நோய் எதிர்ப்பாற்றலே தாக்குவதுதான் இந்த நோய். குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமலே பெரும்பாலோருக்கு வருகிறது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேருக்கு மேல் உள்ள தரவுகளிலிருந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடலில் இருப்பதால், மரபணுவும் வைட்டமின் டி குறைவும் புகைப்பழக்கமும் சேர்ந்தே வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று கொள்ள வேண்டும். சித்தி, நீங்கள் சமைத்துப் போட்டதிலோ வளர்த்ததிலோ ஒரு குறையும் இல்லை.

பெரியப்பா: சரி, ஒரே ஸ்கேனில் எப்படி உறுதி செய்தார்கள்?

அக்கா: எம்.ஆர்.ஐ.யில் பல இடங்களில் தழும்புகள் தெரிந்தன. புதிய புண்களே சாய மருந்து ஏற்றியதும் ஒளிரும்; இங்கே சில மட்டும் ஒளிர்ந்ததால், பழையவையும் புதியவையும் கலந்திருப்பது தெளிவானது. போன வருடம் கால் மரத்துப்போய்த் தானாகச் சரியானதை நாம் பி12 குறைவு என்று நினைத்தோமே, அதுவும் இதன் தாக்குதலாக இருந்திருக்கலாம். முதுகுத்தண்டு நீரில், நரம்பு மண்டலத்துக்குள் எதிர்ப்பாற்றல் வேலை செய்வதைக் காட்டும் ஒலிகோகுளோனல் பட்டைகள் என்ற புரதங்களும் இருந்தன. இதைப் போலவே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறொரு நோய்க்கான அக்வாபோரின்-4 இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான சில மருந்துகள் அந்நோயை முற்றச் செய்துவிடும் என்பதால் அதையும் பார்த்தாக வேண்டும்.

சித்தி: அப்படியானால் ஸ்டீராய்டு போதாதா?

அக்கா: ஸ்டீராய்டு வந்த தாக்குதலைச் சீக்கிரம் ஆற்றுமே தவிர, அடுத்ததைத் தடுக்காது. வெளியே ஒன்றும் தெரியாத மாதங்களிலும் மூளையில் புதிய புண்கள் உண்டாகலாம். இழந்த நரம்பிழையை மீட்க இன்று மருந்து இல்லை. ஆகவே, நன்றாக இருக்கும்போதே தொடங்குவதில்தான் பலன் அதிகம். ரிட்டுக்சிமாப் இந்நோய்க்கென்று முறைப்படி அனுமதி பெற்றதன்று என்றாலும், விலை குறைவு. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளுள் அதைச் சேர்த்தது. இதனால் தொற்றுகள் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதை மறைக்க மாட்டேன்.

கயல்: அக்கா, நேற்று வெயிலில் பேருந்துக்கு நின்றபோது பார்வை மறுபடி மங்கி, வீட்டுக்கு வந்து குளித்ததும் தெளிந்தது. மீண்டும் தாக்குதலா?

அக்கா: இல்லை கண்ணு. உடல் சூடேறினால் பழைய புண் உள்ள நரம்பு தற்காலிகமாகத் தடுமாறும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரை அழை.

சித்தி: கல்யாணம், குழந்தை என்று நாளை வருமே?

அக்கா: இரண்டுக்கும் தடையில்லை, சித்தி. கருத்தரிப்பதை மருந்து ஏற்றும் காலத்தோடு பொருத்தித் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

கயல்: மருந்தைத் தொடங்க நான் சம்மதிக்கிறேன். முதலில் ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா, திங்கட்கிழமை அம்மாவுடன் நீங்களும் வர முடியுமா?

பெரியப்பா: வருகிறேன் அம்மா. பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வை.