முன்ஸ்டர் பள்ளத்தாக்குப் பண்ணை விடுதியில் விருந்து: ஆலோசனை தேவை

வணக்கம். வரும் ஜூலையில் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குச் செல்லும் நானும் என் அம்மாவும், வோஜ் மலைத்தொடரின் முன்ஸ்டர் பள்ளத்தாக்கில், மாடு வளர்க்கும் குடும்பங்களே தங்கள் பண்ணைப் பொருள்களைச் சமைத்துப் பரிமாறும் 'ஃபெர்ம் ஓபேர்ஜ்' விடுதி ஒன்றில் மதிய உணவு உண்ண விரும்புகிறோம்.

கோடையில் மாடுகளை மேல்மலைப் புல்வெளிக்கு ஓட்டிச் சென்று பாலாடைக்கட்டி செய்தவர்களின் பெயரால் வழங்கும் 'மார்கேர் விருந்து' அங்கே புகழ்பெற்றது. இறைச்சி அடைத்துச் சுட்ட தூர்த் என்னும் மாவுப் பண்டம். வெண்ணெய், வெங்காயம், உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகளுடன் மிக மெதுவாக வேகும் ராய்கபிராகெல்டி என்னும் உருளைக்கிழங்கு. துணைக்குப் புகையூட்டிய பன்றி இறைச்சி. பின்னர் முன்ஸ்டர் பாலாடைக்கட்டி. முடிவில் சர்க்கரையும் கிர்ஷ் என்னும் செர்ரிச் சாராயமும் சேர்த்த சியாஸ்காஸ் என்னும் புதுப் பாலாடைக்கட்டி.

அம்மா பன்றி இறைச்சி உண்பதில்லை. முட்டையும் பாலும் உண்பார். (முன்ஸ்டர் பாலாடைக்கட்டியின் கடுமையான மணத்தை அவர் எப்படித் தாங்குவார் என்பது தனிக் கவலை.) முன்பதிவின்போதே சொன்னால், கொழுப்புத் துண்டுகள் சேர்க்காத உருளைக்கிழங்கையும் சாராயம் ஊற்றாத சியாஸ்காஸையும் அவருக்கெனத் தனியாகச் செய்து தருவார்களா, அல்லது முன்கூட்டியே ஒரே பாத்திரத்தில் சமைத்துவிடுவதால் அது இயலாதா? எங்களிடம் கார் இல்லை என்பதால், கோல்மாரிலிருந்து வரும் ரயில் முடியும் மெட்செரால் நிலையத்திலிருந்து, முழங்கால் வலியுள்ள ஒருவரும் நடந்து செல்லக்கூடிய தொலைவில் உள்ள விடுதி எதையேனும் அங்கு உண்டவர்கள் பரிந்துரைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.