ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர் கப்பிங் செய்துகொள்ளலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 64 வயதான என் தந்தைக்கு இரண்டு ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலி இருக்கிறது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் அவர் நாள்தோறும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்கிறார். உறவினர் ஒருவரின் பரிந்துரையின் பேரில் தோலில் குவளைகளை வைத்து உறிஞ்சும் கப்பிங் சிகிச்சை அளிப்பவர் ஒருவரைச் சந்தித்தோம். முதலில் உலர் கப்பிங்கும், அதன் பின் தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா முறையில் மூன்று அமர்வுகளும் தேவைப்படும் என்று அவர் கூறினார். தோலில் விழும் வட்டம் எந்த அளவுக்குக் கறுக்கிறதோ அந்த அளவுக்கு உடலில் நச்சு தேங்கியிருக்கிறது என்பது அவருடைய விளக்கம். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, இரண்டு நாள் நிறுத்திவிட்டு வந்தால் போதும் என்றார். அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தோள்பட்டை இறுக்கத்துக்காக நான் நான்கு முறை உலர் கப்பிங் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று நாள்களுக்குத் தோள் இலகுவாக இருந்தது. பிறகு இறுக்கம் திரும்பிவிட்டது. வட்டங்கள் மறைய ஏறத்தாழ பத்து நாள்கள் ஆயின. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோள்களில் அந்த வட்டங்களைப் பார்த்த பிறகே எனக்கு இதில் ஆர்வம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. எனவே என் அனுபவத்தை உங்கள் தந்தைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2

நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: வார்ஃபரினை யாருடைய சொல்லைக் கேட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சீரற்ற துடிப்பு உள்ளவரின் இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்காமல் தடுப்பதற்காகவே அந்த மாத்திரை தரப்படுகிறது. முதுகு வலிக்கான ஒரு சிகிச்சைக்காக அந்தப் பாதுகாப்பை விலக்குவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. மாத்திரையை நிறுத்தாமலே தோலைக் கீறினால் ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. ஆகவே, அவருக்கு ஹிஜாமா வேண்டாம் என்பதே என் கருத்து. உலர் முறையும்கூட அவருக்குப் பெரிய கன்றல்களையும் கொப்புளங்களையும் ஏற்படுத்தக்கூடும்.

வட்டம் கறுப்பது பற்றிச் சொல்லப்பட்ட விளக்கம் தவறானது. குவளைக்குள் காற்றழுத்தம் குறையும்போது தோலும் அதன் கீழுள்ள திசுவும் மேலெழும்புகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் சில உடைந்து ரத்தம் திசுவுக்குள் கசிகிறது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் ஏற்படும் கன்றலும் இதே வகைதான். உறிஞ்சும் விசை, குவளை இருந்த நேரம், ரத்தக்குழாய்களின் வலு ஆகியவற்றைப் பொறுத்து நிறம் மாறும். வார்ஃபரின் உட்கொள்பவருக்கு வட்டம் இயல்பாகவே கூடுதலாகக் கறுக்கும். அதைக் காட்டி மேலும் சில அமர்வுகள் தேவை என்று சொல்வதும் எளிதாகிவிடும். கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன.

மறுமொழி 3

மேலே உள்ளவருடன் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாட்டுக் கொம்பு, மூங்கில், கண்ணாடி என்று கருவி மாறி மாறி வந்திருக்கும் மிகப் பழைய முறை இது என்பதால், இதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையான குவளைக்கும், சிறு துளையிட்டு உறிஞ்சும் விசையை இழக்கச் செய்த போலிக் குவளைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தால்தான் பலன் எதனால் வருகிறது என்பது தெரியும். உடல் முழுவதும் நீடித்த வலியைத் தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் அவ்வாறு நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கப்பிங் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆனால் போலிக் குவளை வைத்தவர்களோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முதல் மறுமொழியாளருக்குக் கிடைத்த இதம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது குவளையால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அமர்வை ரத்து செய்துவிட்டேன். தந்தை மாத்திரையைத் தொடர்கிறார். வரும் வியாழக்கிழமை ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்குச் செல்லும்போது முதுகு வலியைப் பற்றியும் இதய மருத்துவரிடம் பேசவிருக்கிறோம். வார்ஃபரினோடு எந்த வலி மாத்திரையை உட்கொள்ளலாம் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.