பி0411 கோடு: காலையில ஏர் பம்பு சத்தமே வரலீங்க

பெருந்துறை பெட்ரோல்:
வணக்கமுங்க. பழைய 1.8 டர்போ பெட்ரோல் வண்டி. செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0411, அதாவது எக்ஸாஸ்டுக்குக் காத்து ஊதற ஏர் பம்பு சிஸ்டத்துல காத்தோட்டம் சரியில்லைன்னு வருது. காலையில முதல் ஸ்டார்ட்டுல ஒரு நிமிசம் வேக்குவம் கிளீனர் கணக்கா வர்ற சத்தம் இப்ப இல்ல. ஓட்டத்துல குறை தெரியல. போனது பம்புதானான்னு எப்படி உறுதி பண்றது? கோயமுத்தூர்ல மோட்டார் வைண்டிங் பண்ணுனா சரியாகுமுங்களா?

ஈரோடு ஸ்பேனர்:
பம்பு வாங்கறதுக்கு முன்னாடி பியூஸைப் பாருங்க. இந்தப் பம்பு நெறைய கரன்ட் இழுக்கும், அதனால இதுக்குத் தனி ரிலே (கரன்ட்டை விடற சுவிட்ச்), தனிப் பெரிய பியூஸ். பியூஸ் போயிருந்தா புதுசு போட்டு விட்டுராதீங்க. உள்ள பம்பு இறுகியிருக்கலாம், அப்படின்னா மறுபடி போகும்.

அடுத்து, பம்போட பிளக்கைக் கழட்டி மீட்டரை வெச்சுட்டு ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 12 வோல்ட் வந்தா குறை பம்புல. வரலைன்னா ரிலேவைப் புடுங்கி அதோட பின்னுகளைப் பாருங்க, கருகியிருக்கலாம். இன்ஜின் நல்லா ஆறியிருக்கோணும். கூலன்ட் சூடா இருந்தா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பம்பைப் பெரும்பாலும் ஓட்டாது. நம்மூரு மத்தியான வெயில்ல பாக்காதீங்க, விடியக்காலையில பாருங்க.

பேட்டரியில இருந்து நேராக் குடுத்தும் பாக்கலாம். கனமான ஒயரு, நடுவுல 40 ஆம்பு பியூஸ், சில நொடி போதும்.

பொள்ளாச்சி டர்போ:
பம்பைக் கழட்டுனதும் குப்புறச் சாய்ச்சுப் பாருங்க. துருக்கலர்ல தண்ணி வடிஞ்சா கொலையாளி பம்பு இல்ல, மேல இருக்கற காம்பி வால்வு, அதாவது பம்பு காத்தை எக்ஸாஸ்டுக்குத் தொறந்து மூடற வால்வு. அது முழுசா மூடலைன்னா எக்ஸாஸ்ட் ஈரம் ஹோஸ் வழியாப் பம்புக்குள்ள எறங்கி, பேரிங்கைத் துருப்புடிக்க வெச்சுரும். வால்வை விட்டுட்டுப் பம்பை மட்டும் மாத்துனா புதுசுக்கும் அதே கதிதான்.

வால்வைக் கழட்டி வாயால ஊதுங்க. வேக்குவம் குடுக்காதப்ப காத்துப் போகக்கூடாது. கை வேக்குவம் பம்புல இழுத்தா போகோணும். ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் வால்வை மாத்திருங்க, கேஸ்கெட்டும் புதுசு போடுங்க. மெல்லிசு வேக்குவம் ஹோஸ் வெடிச்சிருந்தாலும் இதே கோடுதான் வரும், அதையும் தடவிப் பாருங்க.

வைண்டிங் வேண்டாமுங்க. தண்ணி மோட்டாருக்கு வைண்டிங் பண்ற கடை நம்மூர்ல தெருவுக்குத் தெரு இருந்தாலும், இது சின்ன பிரஷ் டிசி மோட்டார். போறது சுத்து இல்ல, பேரிங்கும் பிரஷும்.

ஈரோடு ஸ்பேனர்:
ஹோஸ் கழட்டறப்ப கவனம். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுன்னு இருக்கும். ரெண்டு பக்கமும் வரிவரியா இருக்கற எடத்தை அமுக்கிட்டு இழுங்க. ஸ்க்ரூடிரைவர்ல நெம்புனா காது ஒடைஞ்சு முழு ஹோஸும் வாங்கோணும்.

கோவை ஓட்டி:
சாப்ட்வேர்ல இந்தக் கோடை மறைச்சுத் தர்றோம்பாங்க, போயிராதீங்க. இந்தப் பம்பு காத்தை ஊதி எரியாத பெட்ரோலை எக்ஸாஸ்ட்லயே எரிச்சு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குது. புகை டெஸ்ட் சூடான வண்டியில எடுக்கறதால அங்க இந்தக் குறை தெரியாது. அதுக்காக லைட்டை எரியவிட்டே ஓட்டுனா, நாளைக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம விடறது) வந்தாலும் தெரியாமப் போயிரலாம்.

பெருந்துறை பெட்ரோல்:
பிளக்குல 12.1 வோல்ட் வந்துச்சுங்க. பம்பைச் சாய்ச்சா ஒரு தேக்கரண்டி துருத்தண்ணி. வால்வும் சேத்தே மாத்திர்றேன். கோடு அழிச்சா போதுமுங்களா?

பொள்ளாச்சி டர்போ:
அழிச்சுட்டு, ராத்திரி பூரா ஆறவிட்டுக் காலையில ஸ்டார்ட் பண்ணுங்க. பம்பு ஓடி நிக்கற வரைக்கும் ஐடில்ல விடுங்க. ரெண்டு மூணு காலை கோடு திரும்பலைன்னா சரியாயிருச்சுங்க.