மறுமொழி: ‘ஊட்டமிலா இனிப்பூட்டி’க்கு மாற்றாக ‘வெற்றினிப்பி’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கீட்டோன் உணவுமுறையைப் பின்பற்றும் வலிப்பு நோய்க் குழந்தைகளின் பெற்றோருக்காக நாங்கள் தொகுத்துவரும் கைந்நூலில், ஆற்றல் (கலோரி) தராமல் இனிப்பை மட்டும் தரும் தாவரப் பொருள்களை எப்படிக் குறிப்பது என்று சென்ற மடலில் கேட்டிருந்தேன். பரிந்துரைகள் அனுப்பிய அனைவருக்கும் நன்றி.

‘இயற்கை இனிப்பூட்டி’ என்பதற்கே ஆதரவு மிகுதி. ஆனால் அதைத்தான் முதலில் விலக்க வேண்டியிருக்கிறது. முன்வரைவில் அச்சொல்லைப் படித்த தாய் ஒருவர், “கருப்பட்டியும் தேனும் இயற்கைதானே, கொடுக்கலாமா?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை. 1921-இல் மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் பெயரிட்ட இந்த உணவுமுறையில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவதால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை ஆக்க, மூளை குளுக்கோசுக்கு மாற்றாக அவற்றை எரிபொருளாகக் கொள்கிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். தேனில் குளுக்கோசும் ஃபிரக்டோசும். இவை உள்ளே போனால் கீட்டோன் அளவு இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்பக்கூடும்.

‘ஆற்றலில் இனிப்பூட்டி’ இலக்கணப்படி சரிதான். ஆயினும் ‘ஆற்றலில்’ என்பதை ‘ஆற்றல் இல்லாத’ என்று படிப்பவரைவிட, இட வேற்றுமையாகப் படித்துத் திகைப்பவரே மிகுதியாக இருப்பர். ‘ஊட்டமிலா இனிப்பூட்டி’யிலோ முன்பாதி மறுத்ததைப் பின்பாதி ஊட்டிவிடுகிறது!

என் பரிந்துரை ‘வெற்றினிப்பி’. வெற்று என்னும் சொல் இலையோடு சேர்ந்து வெற்றிலை ஆனது என்று சொல்வது வழக்கம். அதே புணர்ச்சியில் வெற்று, இனிப்பியோடு சேர்ந்தால் வெற்றினிப்பி. தூண்டுவது தூண்டி, இயக்குவது இயக்கி என்பதைப் போல இனிப்பிப்பது இனிப்பி என்று கொண்டால் ‘ஊட்டி’ தேவையில்லை. பராகுவே நாட்டுக் குவாரனி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சீனித்துளசியின் (ஸ்டீவியா) இலைக்கு இனிப்பைத் தரும் ஸ்டீவியோல் கிளைக்கோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் இச்சொல்லுக்கு நேரான எடுத்துக்காட்டு. சர்க்கரையைப் போல் 200 முதல் 300 மடங்கு இனிப்பதால், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் (4 கிராம்) இனிப்புக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் போதும்.

இங்கேதான் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கடையில் விற்கும் ஒரு கிராம் சீனித்துளசிப் பொட்டலத்தின் பின்புறத்தைப் பாருங்கள்: சாறு அந்த 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், எஞ்சியது நிரப்பி, பல வேளைகளில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோசேதான், மால்டோடெக்ஸ்ட்ரினும் மாவுச்சத்தே. கீட்டோன் உணவுமுறையின் சற்றுத் தளர்வான வடிவமான அட்கின்ஸ் வழி உணவுமுறையிலேயே தொடக்கத்தில் நாளுக்கு 10 முதல் 20 கிராம் மாவுச்சத்துதான் அனுமதி என்னும்போது, நான்கு பொட்டலம் எவ்வளவு தின்றுவிடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆகவே வேதிப்பொருளை ‘வெற்றினிப்பி’ என்றும், பொட்டலத்தில் இருப்பதை ‘இனிப்புக் கலவை’ என்றும் பிரித்தே எழுத விரும்புகிறேன். சீனித்துளசி வலிப்பை நேரடியாக அடக்கும் என்றோ தூண்டும் என்றோ கைந்நூலில் எழுதப்போவதில்லை. மனிதரிடம் அப்படி எதுவும் நிறுவப்படவில்லை.

என் சொல்லில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு. ‘வெற்று’ என்றதும் ‘விளைவற்றது’ என்று படிப்பவர் கொள்ளக்கூடும். அதிமதுர வேரின் இனிப்புப் பொருளான கிளிசரைசின் மிகச் சிறிதளவிலேயே இனிக்கிறது. ஆனால் மிகுதியாக உட்கொண்டால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆற்றல் கணக்கில் அது வெற்றினிப்பி, மருந்துக் கணக்கில் அன்று. வரையறையில் ‘ஆற்றல் அளவில் மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா, அல்லது சொல்லிலேயே அந்த வரம்பு தெரிய வேண்டுமா? மருத்துவம் படித்த நண்பர்கள் இந்த ஒன்றைப் பற்றி எழுதினால், அடுத்த வரைவில் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்.