பாங்காக்கில் 4 நாள், ரெண்டு பேர், முதுகுப் பை மட்டும்: காவ்சானா, சீலோமா?

தண்டையார்பேட்டைவாசி:
நானும் ஃப்ரெண்டும் அடுத்த மாசம் பாங்காக் போறோம். 12ஆம் தேதி ராத்திரி 12:50க்கு ஃப்ளைட், காலைல 6 மணி வாக்குல அங்க சுவர்ணபூமி ஏர்போர்ட். ஆளுக்கு 7 கிலோ பை, லக்கேஜ் போடல. தங்குறதுக்கு முதுகுப் பை ஆளுங்க கூடுற காவ்சான் ரோடுதான்னு அவன் நிக்கிறான். எனக்கு ரயில் பக்கத்துல இருக்கணும், அதனால சீலோம் ஏரியா. எது சரி? பணம் எப்படிக் கொண்டு போறது?

ராயபுரம் ரயிலடி:
சீலோம் பக்கம் போடுங்க. காவ்சான்ல வாசல்ல ரயில் கிடையாது. எங்க போகணும்னாலும் பஸ், டாக்சி, இல்ல படகு. ரெண்டு பேர்னா டார்மெட்ரில ரெண்டு கட்டில் எடுக்கிற காசும் ஒரு சின்ன ரூம் காசும் பல இடத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டையும் பார்த்துட்டு புக் பண்ணுங்க.

ஏர்போர்ட்ல அடித்தளத்துக்கு இறங்கினா ஊருக்குள்ள போற ரயில் லிங்க். கடைசி ஸ்டேஷன் பயா தாய் வரை 45 பாத், அரை மணி நேரம். அங்க வெளிய வந்து பிடிஎஸ்ஸுக்கு, அதாவது மேம்பால மெட்ரோவுக்கு, தனி டிக்கெட் எடுக்கணும், ஒரே டிக்கெட் ஓடாது. சியாம்ல இறங்கி அதே பிளாட்பாரத்துல எதிர்ப்பக்கம் வர்ற வண்டில ஏறுங்க, படி ஏற வேண்டாம். ரெண்டாவது ஸ்டேஷன் சாலா டேங், அதுதான் சீலோம். நீங்க வர்ற நேரம் ஆபீஸ் கூட்டம் நெருக்கும், பையை முதுகுல இருந்து கழட்டி முன்னாடி மாட்டிக்கோங்க. ரூம் மத்தியானம் 2 மணிக்குத்தான் தருவாங்க. பையை மட்டும் ரிசப்ஷன்ல வச்சுட்டுக் கிளம்பிடலாம்.

காவ்சானைப் பார்க்க சபான் தாக்சின் ஸ்டேஷன் கீழ இருக்கிற சாத்தோர்ன் படகுத்துறை போதும். ஆரஞ்சுக் கொடி படகு, எவ்வளவு தூரமானாலும் 16 பாத், ஃப்ரா ஆதித் துறைல இறங்குங்க. துறைல நுழைஞ்சதும் நீலக்கொடி டூரிஸ்ட் படகு வரிசைக்கு இழுப்பாங்க, அது விலை அதிகம். கொடி நிறத்தைப் பார்த்து நில்லுங்க. இருட்டினா ஆரஞ்சு படகு நின்னுடும். திரும்ப மீட்டர் டாக்சி, ஆரம்பம் 35 பாத்.

பெரம்பூர் கணக்கு:
பணத்துக்கு நான் சொல்றேன். ரூபாயைக் கொண்டுபோய் அங்க மாத்தினா நஷ்டம். டாலரா வாங்குங்க, 100 டாலர் நோட்டு, மடிப்பு, பேனாக் கிறுக்கல் இல்லாம. சின்ன நோட்டுக்கு ரேட் குறைவு. ஏர்போர்ட் வருகை மாடில மாத்தாதீங்க, ரயில் லிங்க் இருக்கிற அடித்தளத்துல ரேட் நல்லா இருக்கும். பாஸ்போர்ட் ஒரிஜினல் கேப்பாங்க.

ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 220 பாத்தாவது கட்டணம் போகும், எடுத்தா ஒரே தடவையா எடுங்க. திரைல ரூபாய்க்கு மாத்திக் காட்டவான்னு கேட்டா வேண்டாம்னு அழுத்துங்க. அந்த ரேட் மோசம், பாத்லயே பிடிக்கட்டும்.

ரெண்டு பேருக்குள்ள சில்லறைச் செலவுக்கெல்லாம் கணக்கு எழுதினா ரெண்டாவது நாளே முகம் சுளிக்கும். காலைல ஆளுக்கு 1000 பாத் ஒரு ஜிப் பையில போட்டு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அதுல இருந்து. கார்டு மட்டும் ஒரே பையில வைக்கவே வேண்டாம்.

தாய்லாந்துக்குள்ள நுழைய ஆன்லைன்ல நிரப்புற டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள போடணும். இலவசம். காசு கேக்குற தளம் அரசாங்கத்தோடது இல்ல. தங்குற முகவரி கேக்கும், அதனால முதல்ல ரூம் புக் பண்ணிடுங்க.

வண்ணாரப்பேட்டை அக்கா:
தம்பி, பெரிய அரண்மனை வாசல் கிட்ட நல்லா டிரெஸ் பண்ணின ஒருத்தர் வந்து "இன்னைக்கு மூடியிருக்கு, 20 பாத்ல டுக்டுக் ஆட்டோல சுத்திக் காட்டுறோம்"னு சொல்லுவார். நம்பாதீங்க, வண்டி நேரா ரத்தினக் கல் கடைக்கும் தையல் கடைக்கும்தான் போகும். அரண்மனை காலைல 8:30க்குத் திறக்கும், டிக்கெட் 500 பாத். தா சாங் துறைல இறங்கி நா ஃப்ரா லான் ரோட்டு வாசலுக்குப் போங்க. அரை டவுசர், கையில்லாத பனியன் உள்ள விடமாட்டாங்க. ஒரு லுங்கியை மடிச்சுப் பையில வச்சுக்கோங்க, டார்மெட்ரிக்கும் ஆகும். அங்க இருந்து வாட் போ கோயில் நடை, அப்புறம் தா தியன் துறைல 5 பாத் படகுல எதிர்க்கரை வாட் அருண் கோயில்.

நம்ம ஊர் பெரிய மூணு முள் பிளக் அங்க ஏறாது. ரெண்டு முள் போன் சார்ஜர் போதும். டார்மெட்ரி லாக்கருக்குப் பூட்டு நீங்கதான் கொண்டு போகணும், பர்மா பஜார்ல வளையம் மெலிசா இருக்கிறதா பார்த்து வாங்குங்க, தடியா இருந்தா லாக்கர் ஓட்டைல நுழையாது.

நம்ம பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு அங்க நூடுல்ஸ் சிரமமே இல்ல. சைவம்னா ஜாக்கிரதை, காய்கறி வதக்கல்லயும் மீன் சாஸ் ஊத்துவாங்க. மஞ்சள்ல சிவப்பு எழுத்துல "ஜே" (தாய் மொழில சைவம்) பலகை தொங்குற கடைல சாப்பிடுங்க. சீலோம்லயே மாரியம்மன் கோயில் இருக்கு, நம்ம தமிழ் ஆளுங்க கட்டினது.

தண்டையார்பேட்டைவாசி:
நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். சீலோம்னு ஃப்ரெண்டும் ஒத்துக்கிட்டான். 12ஆம் தேதி ராத்திரி எத்தனை மணிக்கு வீட்ல இருந்து கிளம்பணும்?

ராயபுரம் ரயிலடி:
டிக்கெட்ல தேதியை இப்பவே பாருங்க. 12ஆம் தேதி 00:50னு இருந்தா, அது 11ஆம் தேதி ராத்திரி கிளம்புற ஃப்ளைட். 12ஆம் தேதி ராத்திரி போனீங்கன்னா ஒரு நாள் முன்னாடியே பறந்து போயிருக்கும். 11ஆம் தேதி ராத்திரி 8:30க்கு தண்டையார்பேட்டை மெட்ரோல ஏறுங்க, நீல வழித்தடம், மாறாம ஏர்போர்ட் வரை போகும்.