அப்பப்பாவின்ர லாண்ட் ரோவர்: பழைய எஞ்சினா, ஜப்பான் டீசலா?

பரந்தன் பேரன்:
வணக்கம். வெள்ளவத்தையில எங்கட வீட்டுக் கராஜுக்குள்ள 2003 இலயிருந்து ஒரு லாண்ட் ரோவர் நிக்குது. 1966 ஆம் ஆண்டுச் சீரிஸ் டூ ஏ, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 88 இஞ்சி, 2.25 லீற்றர் பெற்றோல். அப்பப்பா பரந்தனில வயல் செய்த காலத்தில வாங்கினது. விதைநெல்லு, உரம், பிள்ளைப்பேத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன ஊர்ப் பெண்டுகள் எல்லாம் ஏறினது அதிலதான். ஏ9 பாதை திறந்த பிறகு அப்பா லொறியில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். திருத்தி ஓடவேணும் எண்டு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சொல்லுவார். போன வருசம் அவர் காலமானார்.

இப்ப வீட்டில மூண்டு கதை. அம்மாவுக்கு விக்கவேணும். தம்பிக்கு இசுசு டீசல் எஞ்சின் போட்டு ஒவ்வொரு நாளும் ஓடவேணும். எனக்கு அது அப்பப்பா ஓடின எஞ்சினோடயே ஒருக்காப் பரந்தனுக்குப் போகவேணும்.

இன்னொண்டும் சொல்லவேணும். 90 களில வடக்குக்குப் பெற்றோல் விடேல்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அதுக்காக அப்பப்பா பொன்னட்டுக்குள்ள ஒரு சின்னத் தகர டாங்கும், டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு பித்தளை வால்வும் பூட்டினவர். ரெண்டும் இப்பவும் இருக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, நான் எதைச் செய்ய?

ஸ்பானர் நானா:
தம்பி, நான் பஞ்சிகாவத்தையில முப்பது வருஷமா ஸ்பெயார்ஸ் விக்கிறன். ஒங்கட தம்பி செல்றதுதான் சரி. அந்தப் பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினா நல்ல எஞ்சின். 2022 இல எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்த நேரம் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தாங்க. கணக்குப் பாருங்க, 120 கிலோமீற்றர். பரந்தனுக்குப் பாதி வழி கூட இல்ல. இசுசு 4ஜேஏ1 நல்லதொண்டு பாத்து எடுத்தா, அதுக்குரிய சாமான் எங்கட கடைத்தெருவில எந்த நேரமும் ஈக்கும். பழைய காபரேட்டருக்கு ஒரு ஜெட் தேடி மாசக்கணக்கில அலையத் தேவல்ல. எத்தனையோ வண்டிக்கு இதைச் செஞ்சு குடுத்திக்கிறம். எல்லாம் இன்னும் ஓடுது.

டிம்புள்ள மெக்கானிக்:
நானா சொல்ற எஞ்சின் நல்ல எஞ்சின்தான், அதுல நான் கொறை சொல்லல. ஆனா அந்த வண்டிக்கு ஏத்த எஞ்சினான்னு பாக்கணும். எங்கப்பா டிம்புள்ள பக்கத்துல தேயிலைத் தோட்டத் தொரைமாருக்கு லாண்ட் ரோவர் ஓட்டுனவரு. நான் அந்தக் கராஜ்லதான் வேலை பழகினேன், இப்ப கொட்டாஞ்சேனைல வேலை.

இந்த வண்டியில டிஃப், அதான் எக்ஸல்ல இருக்கிற கியர், 4.7 க்கு ஒண்ணு. எஞ்சின்லேருந்து வர்ற தண்டு 4.7 தடவ சுத்துனாத்தான் சில்லு ஒரு தடவ சுத்தும். மலையில நெல்லு மூட்டையோட ஏறுறதுக்குச் செஞ்ச கணக்கு அது. டீசலைப் போட்டீங்கன்னா நாலாவது கியர்லயும் எஞ்சின் கத்திக்கிட்டே இருக்கும், வேகம் வராது. வேகம் வரணும்னு டிஃப்ப மாத்துனா அடுத்த பிரச்சினை பிரேக். 88 இஞ்சிக்கு நாலு சில்லுக்கும் 10 இஞ்சி டிரம். பிரேக் ஒயிலுக்கு ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சா நாலும் போச்சு. அந்த பிரேக்கை வச்சுக்கிட்டு புத்தளம் ரோட்டுல 90 ல போகப் போறீங்களா? பின் எக்ஸலும் இந்த மாடல்ல பலம் பத்தாது. ஒண்ணை மாத்தினா மூணை மாத்தணும்.

தம்பி, எஞ்சின் பேச்சை இப்ப விடுங்க. மொதல்ல செஸியை, அதான் அடிச்சட்டத்தைப் பாருங்க. மேல வண்டியோட பொடி அலுமினியத் தகடு, அது செவப்பா துருப்பிடிக்காது. ஒலகப் போருக்கப்புறம் இங்கிலாந்துல இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனாலதான் 1948 ல வந்த மொத வண்டியிலேருந்தே அலுமினியம் போட்டாங்க. ஆனா செஸியும், கால் வைக்கிற எடத்து பல்க்ஹெட்டும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடுற எடத்துல உப்புக்காத்து பட்டா வெள்ளைப் பொடியா உதிரும். இருவது வருஷமா கடலோரத்துல நின்ன வண்டி. வெளியில பாத்து ஏமாறாதீங்க.

சிக்கனம்:
அம்மா சொல்லுறதை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதிலயிருந்து ஓடாத பழசுக்கும் விலை ஏறினது. 2025 இல திரும்பத் திறந்தாச்சு. இனி விலை இறங்கத்தான் வழி. செஸி உக்கியிருந்தா நீங்கள் போடுற காசு திரும்ப வராது. அப்பா இல்லாத வீட்டில அம்மாவின்ர கையில காசு இருக்கிறதுதான் முக்கியம். அப்பப்பாவை நினைக்க ஒரு படம் போதும்.

கல்கிசை அக்கா:
சிக்கனம், அம்மாவின்ர செலவுக்கு அந்தக் காசு தேவையெண்டால் நானும் விக்கச் சொல்லுவன். அதைப் பிள்ளை அம்மாவோட இருந்து கதைக்கட்டும், நாங்கள் தீர்க்கிற விசயமில்லை.

நான் என்ர அப்பாவின்ர சீரிஸ் த்ரீயைத் திருத்தின கதையைச் சொல்லுறன். நம்பிக்கையா ஒரு கராஜில விட்டன். நாலு மாசம் கழிச்சு எடுக்கப் போக, கண்ணாடி மாதிரி மினுங்குது. பின்கதவில அப்பா தன்ர கையால எழுதின தோட்டத்துப் பெயர் இல்லை. சுரண்டிப்போட்டு அடிச்சிட்டினம். நான் அதைச் சொல்லி விடேல்லை, என்ர பிழைதான். அடுத்த மழைக்காலத்தில கால் வைக்கிற இடத்தில பெயின்ட் கொப்பளிச்சுது. குத்திப் பாத்தால் உள்ளுக்கு முழுக்க புட்டி. துருவுக்கு மேல புட்டி அப்பிப் பெயின்ட் அடிச்சிருக்கினம். அந்த எழுத்துக்காக இப்பவும் மனம் நோகுது.

தம்பி, ஆரிட்டக் குடுத்தாலும் முதல் ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கோ. எதைத் தொடக்கூடாது எண்டு கடதாசியில எழுதிக் குடுங்கோ. அந்தப் பித்தளை வால்வு முதலாவதா இருக்கட்டும்.

ஸ்பானர் நானா:
அக்கா, ஒங்கட வருத்தம் வெளங்குது. எனக்கு ஒரு கேள்வி. அந்த வால்வ யாரு போட்ட? அப்பப்பாதானே. கம்பெனி போடல்ல. லாண்ட் ரோவரே அப்பிடி வந்த வண்டி. ரோவர் கம்பெனிட எஞ்சினியர் மொரிஸ் வில்க்ஸ் தன்ட காணியில ஒரு பழைய யுத்த ஜீப்ப வெச்சி வேல செஞ்சிட்டுத்தான் இப்பிடி ஒண்டு எங்களே செய்வம்னு நெனச்சாரு. கமக்காரன்ட ஆயுதம் அது. மம்பட்டிக்குப் புடி ஒடஞ்சா புதுப் புடி போடுறம். பெற்றோல் இல்லண்டு அப்பப்பா மண்ணெண்ணெய்க்கு மாத்தினாரு. இண்டைக்குப் பெற்றோல் வெல கூடண்டு பேரன் டீசலுக்கு மாத்துறான். அவரு ஈந்திருந்தா அவரே போட்டிருப்பாரு. வண்டிய ஓட்டாம வெச்சிப் பாத்துட்டு ஈக்கிறதா மரியாத?

பரந்தன் பேரன்:
நானா, நீங்கள் சொன்னதை வாசிச்சுப்போட்டு ராத்திரி நித்திரையில்லை. உண்மையா அவர் அப்பிடித்தான். ஓடாத சாமான் அவருக்குப் பிடிக்காது.

கல்கிசை அக்கா:
நானா கேட்டது நல்ல கேள்வி. ஆனா அப்பப்பா எப்பிடி மாத்தினார் எண்டும் பாருங்கோ. பெற்றோல் டாங்கைக் கழட்டி எறியேல்லை, காபரேட்டரை எறியேல்லை. ஒரு வால்வு. இந்தப் பக்கம் திருப்பினால் மண்ணெண்ணெய், அந்தப் பக்கம் திருப்பினால் பெற்றோல். ஒருநாள் பெற்றோல் வரும் எண்டு நம்பிச் செய்த வேலை அது. டீசல் போடேக்க எஞ்சின் மவுன்ட்டை செஸியிலயிருந்து வெட்டவேணும், புதுசு ஒட்டவேணும். பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடுவினம். பிறகு இவரின்ர பிள்ளை வந்து அந்தப் பழைய எஞ்சினைக் கேட்டால் என்ன செய்யிறது? திருப்பி எடுக்கக்கூடிய மாற்றத்தை நான் எதிர்க்கேல்லை. டைனமோவைக் கழட்டி வைச்சிட்டு ஓல்டனேட்டர் போடுங்கோ, சீற் பெல்ட் போடுங்கோ. வெட்டுறதைத்தான் வேண்டாம் எண்டுறன்.

ஸ்பானர் நானா:
அடப்டர் பிளேட் போட்டா கியர்பொக்ஸ் பக்கம் வெட்டு இல்ல. மவுன்ட் மட்டும்தான். பழைய எஞ்சின கிறீஸ் பூசி மூலையில வெக்கலாமே, யாரு வேணாண்டு சொன்ன? இன்னொண்டு. எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியோணும். பதிவுப் புத்தகத்தில ஒரு இலக்கம், வண்டியில இன்னொரு இலக்கம் ஈந்தா விக்கவும் ஏலா, செக்கிங்ல மாட்டினாலும் பிரச்சின. இத நான் மறைக்கல்ல.

பரந்தன் பேரன்:
புத்தகம் இன்னும் அப்பப்பாவின்ர பெயரிலதான் கிடக்கு.

டிம்புள்ள மெக்கானிக்:
அப்ப அதுதான் மொத வேலை. பேரு மாத்தாம ஒரு ஆணியும் கழட்டாதீங்க.

பழைய வெள்ளவத்தை:
இலக்கத் தகடு ஸ்ரீ தகடா தம்பி? அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பரந்தன் பேரன்:
ஓம் ஐயா. நடுவில சிங்கள ஸ்ரீ. கறுப்பில வெள்ளை எழுத்து, அரைவாசி உரிஞ்சுபோச்சு. தம்பி புதுத் தகடு அடிக்கவேணும் எண்டுறான்.

பழைய வெள்ளவத்தை:
1957 இல் அந்த எழுத்து வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வடக்கில் அதை அழித்துத் தமிழ் எழுத்துப் போட்டதும், 58 இல் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசியதும், அதன் பிறகு வந்த கலவரமும் என் கண்ணால் கண்டவை. அந்த எழுத்தோடு உங்கள் அப்பப்பா வன்னியில் அத்தனை வருடம் வயலுக்குப் போய் வந்திருக்கிறார். அவர் அதை விரும்பினாரோ இல்லையோ, அந்த வண்டி பட்டது எல்லாம் அந்தத் தகட்டில் இருக்கிறது. வீதிக்குச் சட்டப்படி தெளிவான தகடு வேண்டும், அதை அடியுங்கள். பழையதைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். எறிய வேண்டாம்.

டிம்புள்ள மெக்கானிக்:
ஐயா சொன்னது சரி. வால்வைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும், அக்கா கோவிக்கக் கூடாது. வால்வு டாஷ்போர்டுலயே இருக்கட்டும், ஆனா அதுக்குள்ள எண்ணெய் போகக் கூடாது. முப்பது வருஷத்து ரப்பர் ஹோஸ், எக்ஸோஸ்ட்டுக்குப் பக்கத்துல தகர டாங்க். ஒரு கசிவு போதும், வண்டியும் போகும் ஆளும் போகும். லைனைக் கழட்டி ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சிருங்க.

மண்ணெண்ணெய்ல ஓடியும் அந்த எஞ்சின் தப்பிச்சதுக்குக் காரணம் இருக்கு. கம்ப்ரெஷன், அதான் சிலிண்டருக்குள்ள அமுக்குற அளவு, ஏழுக்கு ஒண்ணுதான், கொறைவு. அதனால அதிகமா தட்டாது. ஆனா எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே எறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கியிருக்கும். பெயாரிங் தேஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன். பிளக் நாலையும் கழட்டி ஓட்டைக்குள்ள கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு வாரம் விடுங்க. அப்புறம் முன்னால ஹாண்டிலைப் போட்டுக் கையால மெதுவாச் சுத்துங்க. ஸ்டார்ட்டர் அடிக்காதீங்க. சுத்துதுன்னா அந்த எஞ்சினைக் காப்பாத்தலாம். செஸிக்கு ஒரு சின்ன சுத்தியல். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் குடுக்கும், உக்கினது தொப்புன்னு கேக்கும்.

பரந்தன் பேரன்:
பத்து நாள் கழிச்சு வாறன், மன்னிக்கவும். தம்பியும் நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீழதான் படுத்திருந்தம்.

பின் குறுக்குச் சட்டம் முழுக்கப் போச்சு. சுத்தியல் உள்ளுக்கே போயிட்டுது. பின் ஸ்பிரிங் தொங்குற இடம் ரெண்டும் தொப்பெண்டு கேட்டுது. நடுப்பகுதியும் முன்பகுதியும் நல்ல சத்தம். சட்டத்துக்குள்ளயிருந்து ஒரு பிடி மண் கொட்டினது. வெள்ளவத்தை மண் இல்லை, கறுத்த வயல் மண். தம்பி அதை ஒரு ஜாம் போத்தலுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறான், நான் கேக்கேல்லை.

ஹாண்டிலைப் போட்டுச் சுத்தினம். முதல் அசையேல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து பிடிக்கக் கிறீச்செண்டு கால்வாசி திரும்பினது. பிறகு முழுசாச் சுத்துது. அம்மா வாசலுக்கு வந்து நிண்டு பாத்தா. விக்கிற கதை பிறகு வரேல்லை, ஆனா காசுக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறா. அது நியாயம்.

ஆகவே இப்ப பெயர் மாத்துறது, பிறகு செஸி. எஞ்சின் அதுவேதான். தம்பி இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளேல்லை.

ஸ்பானர் நானா:
என்ட கருத்து மாறல்ல. ரெண்டு வருஷத்தில பெற்றோல் செலவப் பாத்துட்டு ஒங்கட தம்பி என்ட கடைக்கு வருவாரு. ஆனா செஸி முதல்ல செய்றது சரி. குறுக்குச் சட்டத்துக்கு மெல்லிய தகடு போட விடாதீங்க, பழசு 2 மில்லிமீற்றர், அதுக்குக் கொறய வேணாம். வீல் சிலிண்டர் ஆறும், மாஸ்டர் சிலிண்டரும் புதுசு எடுங்க, பழசுக்கு ரப்பர் மட்டும் மாத்தி ஓடாதீங்க. எடுத்துத் தாறன்.

டிம்புள்ள மெக்கானிக்:
ஆறு இல்ல நானா, 88 இஞ்சிக்கு ஒரு சில்லுக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. நீளமான 109 இஞ்சி வண்டிக்குத்தான் முன்னால ரெண்டு ரெண்டு.

ஸ்பானர் நானா:
சரிதான், நாலு. 109 ட கணக்கு மனசில ஈந்திச்சு.

டிம்புள்ள மெக்கானிக்:
தம்பி, இன்னொண்ணு, இதை மறந்துறாதீங்க. 1966 வண்டி பொசிட்டிவ் எர்த். பேட்டரியோட பிளஸ்தான் பொடிக்குப் போகும். இப்போ உள்ள பையங்க பழக்கத்துல மைனஸை பொடிக்குப் போட்டுருவாங்க. வடக்குல யாராவது மாத்தியிருக்கவும் கூடும், அதனால வயரைப் பாக்காம பேட்டரி வைக்காதீங்க. வெல்டிங் பண்றப்போ பேட்டரி வண்டியிலயே இருக்கக் கூடாது, சீட்டுக்குக் கீழ இருக்கிற டாங்கையும் எறக்கி வச்சிருங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில நான் வெள்ளவத்தைக்கு வர்றேன். ஜாக் ரெண்டு, மரக்கட்டை நாலு எடுத்து வைங்க.